பதின்மூன்று குடியேற்றங்கள் ஒரு நாடான கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த 13 பிரிட்டிஷ் குடியேற்றங்கள் 1776இல் பேரரசை விட்டு விலகின. ஐக்கிய அமெரிக்க நாடுகள் என்ற பெயரையும் அந்த ஆண்டே சூடிக்கொண்டன. ஆனால் பெயர் வந்த அன்றே நாடு வந்துவிடவில்லை. விலகலாமா என்ற வாதத்துக்குப் பதினோர் ஆண்டுகளும், விலகலை நிலைநாட்டும் போருக்கு எட்டு ஆண்டுகளும், சேர்ந்து வாழ ஓர் அமைப்பைக் கண்டடைய மேலும் ஏழு ஆண்டுகளும் ஆயின. இம்மூன்றையும் ஒரே நிகழ்ச்சியாக எண்ணிக்கொள்வதால்தான் இந்த வரலாற்றில் பெரும்பாலான ஐயங்கள் எழுகின்றன என்பது என் கருத்து.

பிரிவதற்கு முன் இந்தக் குடியேற்றங்கள் ஒன்றுபட்டிருந்தனவா?

இல்லை. வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுன் 1607இல் நிறுவப்பட்டது. கடைசியாக வந்த ஜார்ஜியாவுக்கு அரச சாசனம் கிடைத்தது 1732இல். இடைப்பட்ட நூற்றிருபத்தைந்து ஆண்டுகளில் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோக்கத்தோடு, வெவ்வேறு மக்களால் உருவானது. மாசசூசெட்ஸைக் கடுமையான சமய ஒழுக்கம் கொண்ட பியூரிட்டன்கள் அமைத்தார்கள். பென்சில்வேனியாவை, போரையே ஏற்காத குவேக்கர்கள் அமைத்தார்கள். தெற்கு கரோலினாவோ நெல் வயல்களில் உழைத்த ஆப்பிரிக்க அடிமைகளின் முதுகில் நின்றது. ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டமன்றம், தனிப் பணத்தாள், தன் அண்டைக் குடியேற்றத்தோடு தீராத எல்லைத் தகராறு ஆகியவை இருந்தன.

1754இல் ஆல்பனியில் கூடிய ஒரு மாநாட்டில், பாதுகாப்புக்காகவாவது ஒரு பொது அவை வேண்டும் என்று பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு திட்டம் முன்வைத்தார். அதை ஒரு குடியேற்றத்தின் சட்டமன்றம்கூட ஏற்கவில்லை. இருபத்திரண்டே ஆண்டுகளில் அதே மன்றங்கள் ஒன்றாக நின்று மன்னரை மறுத்தன என்றால், இடையில் ஏதோ பெரிதாக மாறியிருக்க வேண்டும். அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்வதுதான் இங்கே முக்கியம்.

சண்டை எதனால் மூண்டது?

பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் பிரிட்டனின் வெற்றியோடு முடிந்தது. கனடா கைக்கு வந்தது. கூடவே பெருங்கடனும் வந்தது. புதிதாகப் பிடித்த நிலத்தைக் காக்க ஏறத்தாழ 10,000 படைவீரர்களை அமெரிக்காவிலேயே நிறுத்துவது, அந்தச் செலவில் ஒரு பகுதியைக் குடியேற்றங்களிடமிருந்து வரியாகப் பெறுவது என்று லண்டன் முடிவெடுத்தது. அதே ஆண்டு வெளிவந்த அரச ஆணை, அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே வெள்ளையர் குடியேறக் கூடாது என்று கோடு கிழித்தது. அந்த நிலத்தின் மீது கண்வைத்திருந்த வர்ஜீனியாப் பண்ணையார்களுக்கு இது பேரிடியாக இருந்தது.

1764இல் சர்க்கரைச் சட்டம் வந்தது. அது வெல்லப்பாகின் மீதான தீர்வையை கேலனுக்கு ஆறு பென்சிலிருந்து மூன்று பென்சாகக் குறைத்தது. ஆனால் இதுவரை ஏட்டளவில் கிடந்த தீர்வையை உண்மையிலேயே வசூலிக்க ஏற்பாடு செய்தது. அடுத்த ஆண்டு முத்திரைச் சட்டம் வந்தது. பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரை அனைத்துக்கும் முத்திரை வரி விதிக்கப்பட்டது. வழக்கறிஞர்களும் அச்சகத்தாரும் செய்தித்தாள் நடத்துவோரும் இதில் முதலில் அடிபட்டார்கள். ஊரிலேயே நன்றாகப் பேசவும் எழுதவும் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பகைத்துக்கொண்டதுபோல் ஆயிற்று. 1765 அக்டோபரில் நியூயார்க்கில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் கூடிக் கண்டனம் தெரிவித்தார்கள். 1766இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால், எந்தப் பொருளிலும் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்று அன்றே வேறொரு சட்டத்தின் வழியாக அறிவித்தும் வைத்தது.

வரி அவ்வளவு கனமாகவா இருந்தது?

இல்லை. இங்கிலாந்தில் வாழ்ந்தவர்களோடு ஒப்பிட்டால் அமெரிக்கக் குடியேறிகள் மிகக் குறைந்த வரியே செலுத்தினார்கள். தொகையைவிட, அதை விதிக்கும் உரிமை யாருடையது என்பதே அவர்களுடைய கேள்வி.

பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்ற முழக்கத்துக்கு லண்டனில் ஒரு பதில் இருந்தது. மான்செஸ்டர், பர்மிங்காம் போன்ற ஊர்களும் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்புவதில்லை. ஆயினும் ஒவ்வொரு உறுப்பினரும் பேரரசு முழுவதற்கும் சேர்த்தே சிந்திக்கிறார், ஆகவே அமெரிக்கர்களுக்கும் மறைமுகப் பிரதிநிதித்துவம் உண்டு என்றார்கள். தங்கள் ஊரில், தங்களுக்குத் தெரிந்தவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிப் பழகிய மக்களுக்கு இந்த வாதம் ஒட்டவே இல்லை.

இதைவிடக் கூர்மையான ஒரு காரணமும் உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. பெரும்பாலான குடியேற்றங்களில் ஆளுநரை மன்னர் நியமித்தார், ஆனால் அவருக்குச் சம்பளம் தந்தது உள்ளூர்ச் சட்டமன்றம். சட்டமன்றத்தின் கையில் இருந்த கடிவாளம் அது ஒன்றுதான். 1767இல் கண்ணாடி, ஈயம், வண்ணச்சாயம், காகிதம், தேயிலை ஆகியவற்றின் மீது பிரிட்டிஷ் நிதியமைச்சர் டவுன்ஷெண்டு விதித்த தீர்வைகளின் நோக்கங்களுள் ஒன்று, அந்த வருவாயிலிருந்தே ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் தருவது. அது நடந்தால் சட்டமன்றங்கள் வெறும் பேச்சு மன்றங்கள் ஆகிவிடும் என்பதைக் குடியேற்றத் தலைவர்கள் உடனே புரிந்துகொண்டார்கள். அவர்கள் கேட்டது புதிய உரிமை அன்று. நூறாண்டுகளாகக் கையாண்டுவந்த தன்னாட்சி நழுவிப்போகாமல் காக்கவே முதலில் போராடினார்கள்.

விலை குறைந்த தேயிலையை ஏன் கடலில் கொட்டினார்கள்?

டவுன்ஷெண்டு தீர்வைகளுக்கு எதிராகப் பிரிட்டிஷ் சரக்குப் புறக்கணிப்பு பரவியது. பாஸ்டனில் நிறுத்தப்பட்ட படைவீரர்கள் 1770 மார்ச் 5ஆம் நாள் கூட்டத்தின் மீது சுட்டதில் ஐவர் இறந்தார்கள். அந்த ஆண்டே தேயிலையைத் தவிர மற்றவற்றின் மீதான தீர்வைகள் நீக்கப்பட்டன. ஒரு பவுண்டு எடைக்கு மூன்று பென்சு என்ற தேயிலைத் தீர்வை மட்டும், நாடாளுமன்றத்தின் உரிமைக்கு அடையாளமாக, விட்டுவைக்கப்பட்டது.

அந்தத் தேயிலை சீனத்தில் விளைந்தது. கொண்டுவந்தது, சென்னையிலும் வங்காளத்திலும் நாம் அறிந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனி. அப்போது கம்பெனி திவாலாகும் நிலையில் இருந்தது. லண்டன் கிடங்குகளில் ஏறத்தாழ 1.7 கோடி பவுண்டு எடையுள்ள தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற 1773இல் இயற்றப்பட்ட தேயிலைச் சட்டம், லண்டனில் செலுத்தவேண்டிய வரியைக் கம்பெனிக்குத் தள்ளுபடி செய்து, கம்பெனியே தேர்ந்தெடுத்த முகவர்கள் வழியாக அமெரிக்காவில் நேரடியாக விற்க அனுமதித்தது. கடத்தல் தேயிலையைவிடக் கம்பெனித் தேயிலை மலிவாகிவிடும். ஆனால் வாங்குவோர் ஒவ்வொருவரும் அந்த மூன்று பென்சைக் கட்டித் தீர்வையை ஒப்புக்கொண்டவர் ஆவார். உள்ளூர் வணிகர்களின் பிழைப்பும் போகும். 1773 டிசம்பர் 16 இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற மூன்று கப்பல்களில் ஏறியவர்கள் 342 பெட்டித் தேயிலையை நீரில் கொட்டியதன் பின்னணி இதுதான்.

ஒன்றோடொன்று ஒட்டாத குடியேற்றங்கள் எப்படிச் சேர்ந்தன?

சேர்த்துவைத்ததில் பெரும்பங்கு லண்டனுக்கே உரியது. தேயிலைக்கு ஈடு செலுத்தும் வரை பாஸ்டன் துறைமுகத்தை மூடும் சட்டம் 1774இல் வந்தது. மாசசூசெட்ஸின் சாசனமும் திருத்தப்பட்டது. மேலவையை இனி மன்னரே நியமிப்பார், ஊர்க்கூட்டங்களை ஆளுநரின் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் கூட்டக் கூடாது. ஒரு சாசனத்தை நாடாளுமன்றம் இப்படி மாற்ற முடியுமானால் தங்கள் சாசனத்துக்கு என்ன பாதுகாப்பு என்று மற்றப் பன்னிரண்டும் கேட்கத் தொடங்கின. மூடிய பாஸ்டனுக்குத் தெற்கு கரோலினாவிலிருந்து அரிசியும், கனெக்டிகட்டிலிருந்து ஆடுகளும் வந்தன.

ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு குடியேற்றங்களின் பேராளர்கள் 1774 செப்டம்பரில் பிலடெல்பியாவில் கூடினார்கள். அதுவே முதலாம் கான்டினென்டல் காங்கிரஸ். அதன் உரைகளைவிட அதன் ஒரு தீர்மானமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது: பிரிட்டிஷ் சரக்கு இறக்குமதியை நிறுத்துவது, அதைக் கண்காணிக்க ஒவ்வொரு ஊரிலும் மாவட்டத்திலும் வாக்காளர்கள் ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பது. இந்தக் குழுக்கள் வணிகர்களின் கணக்கைப் பார்த்தன, மீறியவர்களின் பெயர்களைச் செய்தித்தாளில் வெளியிட்டன, பின்னர் ஊர்ப்படையையும் திரட்டின. ஆளுநர்கள் அரண்மனைகளில் இருந்தார்கள். ஆட்சியோ மெல்ல மெல்லக் குழுக்களின் கைக்கு வந்துவிட்டது. சில ஆளுநர்கள் 1775இல் கப்பலேறி அங்கிருந்தே ஆணை பிறப்பிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. முதல் குண்டு வெடிக்கும் முன்னரே, பல ஊர்களில் பேரரசு நடைமுறையில் விலகிப்போயிருந்தது. குழுக்கள் எப்போதும் மென்மையாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றுக் கருத்துடையவர்கள் மீது தார் பூசி இறகு ஒட்டி ஊர்வலம் விட்ட கொடுமைகளும் அக்காலத்தில் நடந்தன.

போர் தொடங்கிய பிறகும் ஏன் ஓராண்டுக்கு மேல் விடுதலை கோரவில்லை?

லெக்சிங்டன், கான்கார்டு ஊர்களில் 1775 ஏப்ரல் 19இல் போர் மூண்டது. ஜூனில் இரண்டாம் காங்கிரஸ் ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத்தலைவர் ஆக்கியது. ஆயினும் ஜூலையில் அதே காங்கிரஸ் சமரசம் வேண்டி மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பியது. தவறு அமைச்சர்களுடையது, மன்னர் நம் பக்கம் நிற்பார் என்ற நம்பிக்கை பலருக்கு இன்னும் இருந்தது. மன்னர் அதைப் பெற மறுத்து, ஆகஸ்டில் குடியேற்றங்கள் கலகத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். தம் குடிமக்களை அடக்க ஜெர்மானியக் கூலிப்படைகளையும் ஒப்பந்தம் செய்தார்.

மன்னர் மீதிருந்த அந்தப் பற்றைச் சொல்லால் அறுத்தவர் தாமஸ் பெயின். இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டுக்குச் சற்றே அதிகமாக ஆகியிருந்த அவர், 1776 ஜனவரியில் வெளியிட்ட 'காமன் சென்ஸ்' என்ற சிறுநூலில், பரம்பரை முடியாட்சியே பிழை என்று எளிய மக்களின் மொழியில் வாதிட்டார்.

உணர்ச்சிக்கு அப்பால் நடைமுறைத் தேவையும் இருந்தது. வெடிமருந்தும் கடற்படையும் இல்லாத குடியேற்றங்களுக்கு வெளிநாட்டு உதவி வேண்டும். பிரிட்டிஷ் குடிமக்களாக நீடிக்கும் கலகக்காரர்களோடு எந்த அரசும் உடன்படிக்கை செய்யாது. 1776 ஜூன் 7இல் வர்ஜீனியாவின் ரிச்சர்டு ஹென்றி லீ கொண்டுவந்த தீர்மானத்தில் விடுதலை, வெளிநாட்டுக் கூட்டணி, தமக்குள் ஒரு கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே இருந்ததற்குக் காரணம் இதுவே.

சுதந்திரம் பெற்ற நாள் ஜூலை 4தானா?

காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2ஆம் நாள். பன்னிரண்டு குடியேற்றங்கள் ஆதரித்தன, நியூயார்க் வாக்களிக்கவில்லை. தாமஸ் ஜெபர்சன் எழுதி, காங்கிரஸ் திருத்திய பிரகடனம் ஏற்கப்பட்டது ஜூலை 4இல். நியூயார்க் ஒப்புதல் தந்தது ஜூலை 9இல். பெரும்பாலோர் கையொப்பமிட்டது ஆகஸ்ட் 2இல். கையொப்பமிட்டவர்கள் மொத்தம் 56 பேர். ஜூலை 2தான் காலமெல்லாம் கொண்டாடப்படும் என்று ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். ஆனால் பிரகடனத்தின் தலைப்பில் அச்சான தேதியே நிலைத்துவிட்டது.

அவ்வளவு பெரிய பேரரசை எப்படி வென்றார்கள்?

பல போர்க்களங்களில் தோற்றுக்கொண்டே வென்றார்கள். 1776இல் நியூயார்க் பறிபோனது. 1777 இலையுதிர்காலத்தில் தலைநகர் போன்றிருந்த பிலடெல்பியாவும் விழுந்தது. அந்தக் குளிர்காலத்தில் வேலி போர்ஜ் முகாமில் ஏறத்தாழ 2,000 வீரர்கள் பெரும்பாலும் நோயால் மடிந்தார்கள். ஆனால் படை கலையவில்லை. அதைக் கலையவிடாமல் வைத்திருந்ததே வாஷிங்டனின் பெருஞ்சாதனை.

1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு முழுப் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதைப் பார்த்துத் துணிந்த பிரான்சு 1778 பிப்ரவரியில் உடன்படிக்கை செய்தது. பின்னர் ஸ்பெயினும் ஹாலந்தும் பிரிட்டனோடு போரில் இறங்கின. 1781 அக்டோபர் 19இல் யார்க்டவுனில் பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ் சரணடைந்தபோது, அவரைக் கடல்வழியே மீட்கவிடாமல் தடுத்தது பிரெஞ்சுக் கடற்படை. பிரான்சின் கப்பலும் பணமும் இல்லாமல் இந்தப் போர் இவ்வாறு முடிந்திருக்காது. 1783 செப்டம்பர் 3இல் பாரிஸ் உடன்படிக்கையில் பிரிட்டன் சுதந்திரத்தை ஏற்றது. மிசிசிப்பி ஆறு வரை எல்லை விரிந்தது.

இந்தப் போருக்கும் தமிழகத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, நாம் நினைப்பதைவிட நெருக்கமான தொடர்பு. பிரான்சு போரில் இறங்கியதும், ஆங்கிலேயர் 1778 அக்டோபரில் புதுச்சேரியையும், 1779இல் மாஹேயையும் பிடித்தார்கள். மாஹே வழியாகப் படைக்கலம் பெற்றுவந்த ஹைதர் அலி, 1780 ஜூலையில் கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டு நவாபின் பகுதிக்குள் பெரும்படையோடு இறங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை நொறுங்கியது. ஹாலந்தும் பகையானதால் 1781இல் நாகப்பட்டினமும், 1782 ஜனவரியில் திருகோணமலையும் ஆங்கிலேயர் வசமாயின. திருகோணமலையை அதே ஆண்டு பிரெஞ்சுத் தளபதி சப்ரன் கைப்பற்றினார். 1783 ஜூன் 20இல் கடலூருக்கு அப்பால் கடலில் சப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் பூர்வாங்க ஒப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. செய்தி கடலூர் வந்து சேரவில்லை. பாஸ்டனில் தொடங்கியதன் கடைசிச் சண்டைகளுள் ஒன்று நம் கரையில் நடந்தது.

யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து, 1792இல் திப்பு சுல்தானின் நாட்டில் பாதியைப் பறித்த உடன்படிக்கையைச் செய்தார் என்பதும் இதோடு சேர்த்து நினைக்கத்தக்கது. பென்சில்வேனியா 1782இல் ஆயுதம் பூட்டிய ஒரு போர்க்கப்பலின் பெயரும் 'ஹைதர் அலி' என்பதே.

விடுதலை எல்லோருக்கும் கிடைத்ததா?

இல்லை, இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். 1776இல் இருந்த ஏறத்தாழ 25 இலட்சம் மக்களில் ஐந்தில் ஒருவர் அடிமை. எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய ஜெபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கு உடைமையாளராக இருந்தார். அடிமை வணிகத்துக்காக மன்னரைக் கண்டித்து அவர் எழுதிய பத்தியையும், தெற்கு கரோலினாவையும் ஜார்ஜியாவையும் முன்னிட்டுக் காங்கிரஸ் நீக்கிவிட்டது.

தங்களிடம் வந்து சேர்ந்து போரிடும் அடிமைகளுக்கு விடுதலை என்று, வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் 1775 நவம்பரில் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் பிரிட்டிஷ் பக்கம் ஓடினார்கள். போர் முடிவில் அவர்களில் ஏறத்தாழ 3,000 பேர் நியூயார்க்கிலிருந்து நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய கண்ணில் விடுதலைக் கொடி எந்தப் பக்கம் பறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும். வடக்கே வெர்மான்ட் 1777இலும், பென்சில்வேனியா படிப்படியான முறையில் 1780இலும் அடிமை ஒழிப்பைத் தொடங்கின.

தொல்குடிகளின் இழப்பு இன்னும் பெரிது. 1779இல் வாஷிங்டன் அனுப்பிய படை, இரோக்வா மக்களின் நாற்பது ஊர்களைப் பயிர்களோடு எரித்தது. அவர்களுடைய நிலத்தைக் கைமாற்றிய பாரிஸ் உடன்படிக்கையில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மன்னர் பக்கம் நின்ற ஏறத்தாழ 60,000 பேர் வீடு நிலம் இழந்து நாடு விட்டுப் போனார்கள்.

கனடாவும் கரீபியத் தீவுகளும் ஏன் சேரவில்லை?

கியூபெக் மக்கள் பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள். 1774இல் அவர்களுடைய சமயத்துக்கும் சட்டத்துக்கும் லண்டன் இடம் அளித்திருந்தது. 1775இல் அமெரிக்கப் படை கியூபெக்கைத் தாக்கித் தோற்றது. ஜமைக்கா, பார்படோஸ் போன்ற தீவுகளில் அடிமைகளே மிகப் பெரும்பான்மை; பிரிட்டிஷ் படையின் காவலும் பிரிட்டிஷ் சர்க்கரைச் சந்தையும் இல்லாமல் அங்குள்ள முதலாளிகளால் நிற்க முடியாது.

1783இல் ஒரு நாடு உருவாகிவிட்டதா?

பதின்மூன்று அரசுகளின் நட்புறவு ஒன்று உருவாகியிருந்தது என்று சொல்வதே பொருந்தும். 1781 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த கூட்டமைப்பு விதிகள், தொலைவிலுள்ள வலிய அரசு ஒன்றிடம் பட்ட காயத்திலிருந்து எழுதப்பட்டவை. ஆகவே மைய அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே தரப்படவில்லை. காங்கிரஸ் மாநிலங்களிடம் பணம் கேட்கலாம். கொடுப்பது அவற்றின் விருப்பம். விதிகளைத் திருத்தப் பதின்மூன்றும் ஒப்ப வேண்டும். இறக்குமதிக்கு ஐந்து விழுக்காடு தீர்வை என்ற எளிய திருத்தத்தை ரோட் ஐலண்டு என்ற சின்னஞ்சிறு மாநிலம் ஒன்றே தடுத்துவிட்டது. போர்க்காலத்தில் அச்சடித்த 20 கோடி டாலருக்கும் மேற்பட்ட காகிதப் பணம் செல்லாக்காசு ஆனது. போரிட்ட வீரர்கள் சம்பளமின்றி வீடு திரும்பினார்கள். மேற்கு மாசசூசெட்ஸில் கடனுக்கும் வரிக்கும் நிலத்தை இழந்த உழவர்கள், அவர்களில் பலர் முன்னாள் வீரர்கள், 1786இல் டேனியல் ஷேஸ் தலைமையில் நீதிமன்றங்களை மூடினார்கள்.

1787 மே முதல் செப்டம்பர் வரை பிலடெல்பியாவில் 55 பேராளர்கள் மூடிய கதவுகளுக்குள் கூடி, விதிகளைத் திருத்துவதற்குப் பதிலாகப் புதிய அரசமைப்பையே எழுதினார்கள். மைய அரசு இனி மாநிலங்களைக் கெஞ்சாமல் மக்கள் மீது நேரடியாகவே வரி விதிக்கும், சட்டம் இயற்றும் என்பதே அதன் அடிப்படை மாற்றம். மக்கள்தொகைப்படி ஓர் அவை, மாநிலத்துக்கு இருவர் என்று மற்றோர் அவை எனப் பெரிய மாநிலங்களும் சிறியவையும் உடன்பட்டன. தென் மாநிலங்களைச் சேர்த்துக்கொள்ளக் கொடுத்த விலை கொடியது: அடிமைகள் ஐவரை மூவராக எண்ணி அவர்களின் உடைமையாளர்களுக்குக் கூடுதல் இடங்கள் தரப்பட்டன; அடிமை இறக்குமதியை 1808 வரை தடை செய்யக் கூடாது என்றும் எழுதப்பட்டது.

எல்லா மாநிலங்களும் அதை உடனே ஏற்றுக்கொண்டனவா?

ஒன்பது மாநிலங்கள் ஏற்றால் போதும் என்பது விதி. முதலில் டெலவேர் 1787 டிசம்பரில் ஏற்றது. ஒன்பதாவதாக நியூ ஹாம்ப்ஷயர் 1788 ஜூன் 21இல் ஏற்றது. ஆனால் பெரிய மாநிலங்களில் இழுபறி கடுமையாக இருந்தது. மாசசூசெட்ஸில் 187க்கு 168, வர்ஜீனியாவில் 89க்கு 79, நியூயார்க்கில் 30க்கு 27 என்ற அளவில்தான் தேறியது. நாம் துரத்திய அரசையே மறுபடி அழைத்து வருகிறோமா என்று எதிர்த்தவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய வற்புறுத்தலால்தான் பேச்சு, சமயம், செய்தித்தாள், முறையான விசாரணை ஆகிய உரிமைகள் பத்துத் திருத்தங்களாக 1791இல் சேர்க்கப்பட்டன. தோற்றவர்கள் தந்த இந்தக் கொடையே அரசமைப்பின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுகிறேன்.

1789 ஏப்ரல் 30இல் வாஷிங்டன் நியூயார்க்கில் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றபோது வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் வெளியே நின்றன. வட கரோலினா அந்த நவம்பரில் சேர்ந்தது. ரோட் ஐலண்டை அயல்நாடாகக் கருதி அதனோடு வணிகத்தை நிறுத்தும் மசோதாவைச் செனட் நிறைவேற்றியது; பிராவிடன்ஸ் நகரமோ தன் மாநிலத்தை விட்டே விலகுவதாக எச்சரித்தது. அதன் பிறகே, 1790 மே 29ஆம் நாள், 34க்கு 32 என்ற வாக்கில் பதின்மூன்றாவது மாநிலமும் உள்ளே வந்தது.